கயிற்றுப் பாட்டுக்கு எத்தனை மார்க்

நீங்கள் வாங்கிக் கொடுத்த டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. குறையாகச் சொல்லவில்லை. கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன், என் பழக்கம் அப்படி. நூற்றுக்கு நாற்பத்தைந்து போடலாம். பாலுக்கும் சூட்டுக்கும் கிளாஸ் கழுவியிருந்ததற்கும் சேர்த்துத்தான் அது. டீத்தூளுக்கு மார்க் இல்லை, ஏனென்றால் அதில் டீத்தூள் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஸ்டேஷனுக்குப் பிடித்து வந்தவனுக்கு டீ வாங்கிக் கொடுக்கிற மனசு உங்களுக்கு இருக்கிறது. அதற்காக ஐந்து மார்க் சேர்க்கலாமா என்று யோசித்தேன். சேர்க்கக் கூடாது. மனசு வேறு, டீ வேறு. இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை.

என் பெயர் ரங்கசாமி. ஜவ்வாது மலையில் பிறந்தவன். ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கிக் காட்டுக்குள் நடந்தால் வருகிற சின்ன ஊர் எங்களுடையது. சாமை விளையும், புளி காய்க்கும், வேறு ஒன்றும் நடக்காது. நான் வாலிபத்திலேயே கீழே இறங்கி, ஆலங்காயத்தில் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டு, இப்போது பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே சொந்தமாகக் கேசட் ரிக்கார்டிங் கடை வைத்திருக்கிறேன். இறந்துபோன தீர்த்தகிரி என் தங்கை பாஞ்சாலியின் புருஷன். போன வைகாசியில் மலைத்தேன் எடுக்கப் போன இடத்தில் பாறையிலிருந்து விழுந்து இறந்தார். விபத்து என்று எழுதி நீங்கள்தான் கட்டி வைத்தீர்கள். அதைப் பிரித்து வேறு எழுத வேண்டி வந்திருக்கிறது. சிரமத்துக்கு மன்னிக்க வேண்டும்.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், பாட்டுக்கு மார்க் போடுவது எப்படி என்று நீங்கள் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் என்னை ஏதோ கெட்டவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

கடை வாசலில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறேன். புதிதாக வந்த கேசட்டுகளுக்கு நூற்றுக்கு இத்தனை என்று வாரா வாரம் அதில் எழுதுவேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நல்ல காரியத்தை யாராவது கேட்டுத்தான் செய்ய வேண்டுமா? பத்திரிகைகளில் எழுதுகிறார்களே விமர்சனம், அதைப் படித்திருப்பீர்கள். பாடினவனின் சித்தப்பா மகன் அங்கே வேலை பார்த்தால் தேனாறு ஓடியது என்று எழுதுவார்கள். யாரும் வேலை பார்க்காவிட்டால் பாடகருக்கு அன்று ஜலதோஷம். சித்தப்பா மகன் இல்லாத பாட்டுக்காரர்களுக்கு இந்தத் தேசத்தில் ஒரு நாதி வேண்டும் என்றுதான் நான் சுண்ணாம்புக்கட்டியைக் கையில் எடுத்தேன்.

என் முறை கடுமையானது. கேசட் அட்டையில் இருக்கும் படத்தைப் பார்க்க மாட்டேன். நீலாவதி, அதாவது என் சம்சாரம், அட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கேசட்டை மட்டும் கொடுப்பாள். பாடுகிறவன் யாரென்று முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிடும் என்பது வேறு விஷயம், தெரியாத மாதிரி கேட்பேன். மூன்று தடவை கேட்பேன். முதல் தடவை கேட்கிறபோது நம் காதில் விழுவது பாட்டல்ல, அன்றைக்குக் காலையில் வீட்டில் நடந்த சண்டை. இரண்டாவது தடவை பாட்டின் பாதி விழும். மூன்றாவது தடவைதான் பாட்டு. படவேட்டிலிருந்து ஒரு பஜனைக் கோஷ்டியின் கேசட் வந்தது. முப்பத்தொன்று போட்டேன். மறுநாள் கோஷ்டியே பஸ் ஏறி வந்து நியாயம் கேட்டது. தபலா ஒரு பக்கம் போகிறது, ஜால்ரா இன்னொரு பக்கம் போகிறது, பகவான் நடுவில் நின்று யார் பின்னால் போவதென்று திகைக்கிறார் என்று பொறுமையாக விளக்கினேன். போகும்போது பலகையில் துப்பிவிட்டுப் போனார்கள். அதற்காக நான் ஒரு மார்க்கூடக் குறைக்கவில்லை. துப்பியது கேசட்டில் இல்லையே.

இன்னொன்று முக்கியம். கேசட் வேறு, அதைப் பாடினவன் வேறு. ஒரு நல்ல கேசட் கொடுத்துவிட்டால் அவன் நல்ல பாடகன் ஆகிவிட மாட்டான். ஆயுசு முழுக்க அவன் கொடுத்ததையெல்லாம் கூட்டி வகுத்தால்தான் அவன் எந்த இடம் என்று தெரியும். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. உயிரோடு இருக்கிறவனுக்கு முடிவாக மார்க் போட முடியாது. இன்றைக்கு எழுபது வாங்கினவன் ஆசை யாரை விட்டது என்று நாளைக்கு ஒரு முப்பதைக் கொடுத்துத் தன் பேரைத் தானே கெடுத்துக்கொள்வான். பாடகர்களிலேயே மார்க் போட வசதியானவர்கள் காலமானவர்கள்தான். ரைட்டர் இதை எழுதிக்கொண்டாரா? நான் பிற்பாடு செய்த காரியத்துக்கு இதுதான் அடிப்படை.

நானும் பாடுவேன். வேலூருக்குப் போய் வாத்தியக்காரர்களை வைத்துப் பக்திப் பாடல் கேசட் ஒன்று போட்டிருக்கிறேன். கோட்டுப் போட்ட படம் அட்டையில் இருக்கும். என் கேசட்டுக்கு நானே மார்க் போடுவது முறையல்ல என்று நீலாவதியைப் போடச் சொன்னேன். அவள் எண்பது என்றாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்குப் பசி இல்லை, சாப்பிடவில்லை. அடுத்த நாளும் பசி இல்லை. அதற்கப்புறம் அவளாகவே இன்னொரு தடவை கேட்டுப் பார்த்துத் தொண்ணூற்றாறு என்றாள். தீர்ப்பில் நான் தலையிடவில்லை என்பதற்கு அவளே சாட்சி. மற்ற மார்க்குகள் வாரம் ஒரு முறை அழிந்துவிடும், இதை மட்டும் பெயிண்டில் எழுதினேன். நூறு என்பது கிடையாது, யாருக்கும் கிடையாது. அப்படி ஒன்று இருந்தால் கேட்கிறவன் உட்கார்ந்து என்ன செய்வது? ஆகவே தொண்ணூற்றாறுதான் பலகையில் உச்சி.

தீர்த்தகிரிக்குத் தான் ஒரு பாட்டுக்காரர் என்பதே தெரியாது. காட்டில் சாமை விதைப்பார், விதைக்கும்போது பாடுவார். மாரியம்மன் திருவிழாவில் பாடுவார். மாட்டைக் கழுவும்போது பாடுவார், மாட்டுக்கு வேறு வழியில்லை. வாணியம்பாடியில் கேசட் போட்டு விற்கிற தேவராஜ் என்பவர் புளி வாங்க மலைக்கு வந்தவர், தீர்த்தகிரி பாடுவதைக் கேட்டுவிட்டு அங்கேயே மிஷினை வைத்து ஒரு கேசட் பிடித்துக்கொண்டு போனார். அது எப்படியோ ஓடிவிட்டது. மலைப்பாதையில் போகிற பஸ்களில் டிரைவர்கள் அதைத்தான் போட்டார்கள். வளைவுக்கு வளைவு தீர்த்தகிரிதான். நான் மூன்று தடவை கேட்டு அறுபத்தொன்று போட்டேன். சொந்தக்காரர் என்று கூட்டவில்லை. மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது, அதற்குக் குறைத்தேன். ஒரு பாட்டில் வரி மறந்துபோய்ச் சிரித்துவிடுகிறார், அதற்குக் குறைத்தேன். இரண்டாவது பக்கத்தில் ஒரு ஆடு கத்துகிறது. ஆட்டுக்கு நான் மார்க் போட வேண்டியதில்லை, ஆனால் குறைக்காமலும் இருக்க முடியாது.

அடுத்த சந்தை நாளில் கடைக்கு வந்தார்.

"மச்சான், பலகையில எனுக்கு அறுவத்தொண்ணு போட்டுகீறியாமே. பஸ்சு டிரைவரு சொன்னாரு."

"ஆமாம் மாப்ள."

"அறுவத்தொண்ணுன்னா பாஸுதான?"

"பாஸுதான்."

"அப்ப போதும். பாஞ்சாலி மண்ணெண்ணெ வாங்கியாரச் சொன்னா, கட மூடறதுக்குள்ள போய்ட்டு வர்றேன்."

பார்த்தீர்களா ஐயா. பாஸ் போதுமாம். கலை விஷயத்தில் இப்படிப்பட்ட அலட்சியம் எனக்கு எவ்வளவு வேதனை கொடுத்தது என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது. இரண்டாவது கேசட் வந்தபோது ஐம்பத்தெட்டு போட்டேன். மறுநாள் காலையில் கடையைத் திறந்தால், யாரோ அதை அழித்துவிட்டு எண்பத்தைந்து என்று எழுதியிருந்தார்கள். நான் திருத்தினேன். மறுபடியும் எண்பத்தைந்து ஆனது. டீக்கடை மாதையன்தான் செய்கிறான் என்று தெரியும், கேட்கவில்லை. ரசனை இல்லாதவர்களோடு வாதம் செய்து என்ன பயன்?

அந்தச் சமயத்தில்தான் தீர்த்தகிரியை உட்கார வைத்து என் கேசட்டை முழுசாகப் போட்டுக் காட்டினேன். பாராட்டு எதிர்பார்த்து அல்ல. நல்ல இசை என்றால் என்னவென்று அவருக்கும் தெரியட்டும் என்ற அக்கறைதான். ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் கேட்டார். முடிந்ததும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்.

"நல்லா கீது மச்சான். நீ பாடறதுக்கு முன்னால அந்தப் பிடிலு வருது பாரு, அது ரொம்ப நல்லா கீது."

பிறகு, பஸ் வந்துவிட்டது என்று எழுந்து போனார். பஸ் வரவில்லை. எதிரே புளியமரத்தடியில் அவர் வெகுநேரம் நின்றுகொண்டிருந்ததை நான் கடைக்குள்ளிருந்து பார்த்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. பிடில் வாசித்தவர் வேலூர்க்காரர், நல்ல மனிதர், அவருக்கு ஒரு பாராட்டு கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். அன்று எனக்குக் காய்ச்சல் வந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நீலாவதி ஏதாவது வேறு மாதிரி சொல்லியிருந்தால் அது அவள் ஊகம்.

இப்போது தேன் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊருக்குத் தெற்கே செங்குத்தான பாறை இருக்கிறது. அதன் நெற்றியில் மலைத்தேனீ கூடு கட்டும். மேலே வேங்கை மரத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு முனையில் ஆள் தொங்குவார். இன்னொரு முனையை ஒருவர் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அந்த ஒருவர் தொங்குகிறவரின் மச்சினனாக இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். கூடப்பிறந்தவன் கயிற்றுப் பக்கமே வரக் கூடாது. அண்ணன் தம்பிக்குள் நிலம் இருக்கிறது, பங்கு இருக்கிறது, கை நழுவினாலும் நழுவும். மச்சினனுக்கு என்ன இருக்கிறது? தங்கை தாலிதான் இருக்கிறது. அதை எவன் அறுப்பான் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் முன்னோர்கள் எல்லாவற்றையும் யோசித்தார்கள். மச்சினன் இசை விமர்சகனாக இருப்பான் என்று மட்டும் யோசிக்கவில்லை.

ஆகவே நான் எவ்வளவு பெரிய கடைக்காரனானாலும், வைகாசி பிறந்தால் ஷட்டரை இழுத்துவிட்டு மலைக்குப் போய்விடுவேன். கயிற்றின் முனையைப் பாஞ்சாலிதான் என் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கிறபோது பேசக் கூடாது, கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அவளுக்குக் கல்யாணமான வருஷத்திலிருந்து அவள் கொடுத்து நான் வாங்கியிருக்கிறேன். ஒரு வருஷமும் கயிறு என் கையை விட்டு ஒரு சாண் நழுவினதில்லை. இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

தொங்குகிறவர் பாட வேண்டும். பாறைக்குக் கீழே போய்விட்டால் அவரை மேலேயிருந்து பார்க்க முடியாது, காதுதான் கண். இறக்குவதற்கு ஒரு மெட்டு, நிறுத்துவதற்கு ஒரு மெட்டு, தூக்குவதற்கு ஒரு மெட்டு. பெரியவர்கள் வாய்க்குள் முனகிக் காட்டியே சொல்லிக் கொடுப்பதால், எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட மூன்றும் அடையாளம் தெரியும். ஆனால் தரையில் நின்று யாரும் பாட மாட்டார்கள், பாடினால் தேனீ கூட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விடும் என்பார்கள். கயிற்றில் தொங்கினால்தான் அந்தப் பாட்டு. தேவராஜுக்கு இது எப்படியோ தெரிந்து, மூன்றாவது கேசட்டில் கயிற்றுப் பாட்டு வேண்டும் என்று ஆளை அனுப்பினார். பாறைக்கு வருகிறீர்களா என்று கேட்டதற்கு, தனக்குத் தேனீ என்றால் ஆகாது என்று சொல்லிவிட்டார். கயிறு பிடிக்கிறவனிடமே மிஷினும் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு? நானே பதிவு செய்து தருகிறேன் என்றேன். தேவராஜுக்கு என்மேல் ரொம்ப மரியாதை வந்துவிட்டது.

அந்த மரியாதையில்தான் தன் திட்டத்தைச் சொன்னார். "கயித்துப் பாட்ட ஒரு பக்கம் போட்டுடலாம்ணா. இன்னொரு பக்கத்துக்கு ஒங்க மாப்ளய மெட்ராஸ் இட்டும்போய் டிஸ்கோ ட்ரம்ஸு வெச்சி பாட வெச்சிடலாம். அப்பறம் வருசத்துக்கு நாலு கேசட்டு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிஸ்கோவுக்கு என் பலகையில் பதினைந்துக்கு மேல் கிடைத்ததில்லை. வருஷத்துக்கு நாலு என்றால் அவருடைய சராசரி என்ன ஆகும்? ஒரு கலைஞன் கண்ணெதிரே கெட்டுப்போவதைத் தடுக்க என்ன செய்யலாம் என்று அன்றைக்குத்தான் முதல் முதலாக யோசித்தேன். இதுதான் காரணம், ஐயா. வேறு காரணம் தேட வேண்டாம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அறுபத்தொன்றும் ஐம்பத்தெட்டும் வாங்கினவருக்குக் காப்பாற்ற என்ன பேர் இருந்தது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அதற்கு நான் யோசித்துப் பதில் சொல்கிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தேன் எடுக்கிற நாளில் மத்தியானம் வெயில் தாழ்ந்ததும் போனோம். தீர்த்தகிரியின் அண்ணன் கருப்பன் வழக்கப்படி பாறையின் அடியில், கயிற்றுக்குத் தூரமாக, தீ மூட்டிக்கொண்டு நின்றான். மேலே நாங்கள் இருவர்தான். டேப் ரிக்கார்டரை வேங்கை மரத்தின் வேரில் வைத்து, மைக்கை நீளமான ஒயரில் பாறை விளிம்புக்கு அப்பால் தொங்கவிட்டேன். தீர்த்தகிரி அதைப் பார்த்துவிட்டு, எனக்கு முன்னாடி இது தேன் எடுத்துடும் போலகீதே என்றார். புகைக் கட்டையை இடுப்பில் செருகிக்கொண்டார், தகரச் சட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டார். கயிறு பத்திரமா மச்சான் என்று கேட்கவில்லை. ஒரு வருஷமும் அவர் கேட்டதில்லை.

இறங்கும்போது பாடினார். பாட்டைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளட்டும்.

"பாற வழுக்குது மச்சானே, பாத்து வுடு மச்சானே,
தேனு எனக்கில்ல மச்சானே, ஒந்தங்கச்சிக்கு மச்சானே."

விட்டேன். நிறுத்தும் மெட்டு வந்தது, நிறுத்தினேன். கீழே புகை எழுந்தது. தேனீ கிளம்பி மேலே வந்து என் கழுத்திலும் காதிலும் நாலைந்து கொட்டியது. கை அசையவில்லை. பிறகு சட்டியில் தேனடை விழுகிற சத்தம் கேட்டது, அதுவும் டேப்பில் துல்லியமாக விழுந்திருக்கிறது. பிறகு தூக்குகிற பாட்டு வந்தது.

"சட்டி ரொம்பிச்சு மச்சானே, சாஞ்சு இழு மச்சானே,
வூட்டுல வெளக்கு மச்சானே, ஒந்தங்கச்சி ஏத்தணும் மச்சானே."

நான் இழுக்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். தூக்குகிற பாட்டின் முதல் வார்த்தை காதில் விழுந்ததுமே மச்சினன் இழுக்க ஆரம்பித்துவிடுவான். இழுக்கிறவனுக்குத் தன் மூச்சுதான் கேட்கும், மரத்தில் கயிறு உரசுகிற சத்தம்தான் கேட்கும். கீழே நிற்கிறவனுக்குக் காற்றும் தேனீயும்தான் கேட்கும். ஆகவே தலைமுறை தலைமுறையாகப் பாடி வருகிற அந்தப் பாட்டை எங்கள் ஊரில் ஒரு ஆள்கூட முழுசாகக் கேட்டதில்லை. நான் வருஷா வருஷம் கயிறு பிடித்தவன், நானும் கேட்டதில்லை. அன்றைக்குக் கயிற்றை மரத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்று, கேட்டேன்.

இரண்டாவது தடவை பாடினார். முதல் தடவைக்கும் இதற்கும் ஒரு சின்ன வித்தியாசம், கடைசி "மச்சானே"யைக் கொஞ்சம் மேலே கொண்டுபோய் விட்டார். மூன்றாவது தடவை அதை இன்னும் மேலே கொண்டுபோனார். இங்கே எதற்குக் குறைக்கலாம் என்று நான் தேடிக்கொண்டே இருந்தேன். தொங்குகிறவருக்கு மூச்சு வாங்க வேண்டும், வாங்கவில்லை. சுருதிக்கு வைத்துக்கொள்ள ஒரு பெட்டிகூட இல்லை, ஆனாலும் இம்மி விலகவில்லை. நடுவில் ஒரு தடவை நிறுத்தினார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். பயந்திருந்தால் குரல் நடுங்கும், அதற்குக் குறைக்கலாம். ஆனால் அவர் சிரித்தார்.

"இன்னா மச்சான், டேப்பு ரொம்பட்டும்னு நிக்கிறியா? சரி, இன்னோரு வாட்டி பாடறேன், நல்லா புடிச்சிக்க."

அது டேப்பில் இருக்கிறது, நீங்களும் கேட்டீர்கள். அதற்கப்புறம் பாடினார் பாருங்கள், அதைப்பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. என் அலமாரியில் இருக்கிற கேசட்டுகளில் அதுபோல ஒன்று இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, வெட்கப்படாமல் சொல்கிறேன். பாட்டு முடிந்து, கடைசி எழுத்து பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. அது முழுசாக அடங்கும்வரை காத்திருந்தேன். பிறகு கையை விட்டேன்.

தேனீ கொட்டினதில் கை நழுவிவிட்டது, அடுத்த அடைக்கு இறக்கும்போது நடந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். கழுத்து வீங்கியிருந்தது, நம்பினார்கள். கருப்பன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். பாஞ்சாலி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. "நீ இன்னாணா பண்ணுவ, கொட்டினா யாருக்குத்தான் கை நிக்கும்" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள், என் கழுத்துக்குச் சுண்ணாம்பு தடவிவிட்டாள். அந்த ஊர்க்காரர்கள் ரொம்ப நல்லவர்கள், ஐயா. மச்சினன் கயிற்றை விட்டான் என்று நினைக்க அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

டேப்பை நான் அழித்திருக்க வேண்டும். நீங்கள் அப்படித்தான் நினைக்கிறீர்கள். விழுந்த சத்தத்தையும் கருப்பனின் கூப்பாட்டையும் வெட்டிவிட்டேன். பாட்டை வெட்ட மனசு வரவில்லை. எதை வெட்டுவது? கொஞ்ச நாள் வீட்டுக்குள் மெதுவாக வைத்துக் கேட்டேன். பிறகு, நல்ல பாட்டை மறைத்து வைப்பதும் ஒரு அநியாயம்தானே என்று தோன்றியது, கடையில் பெரிய ஸ்பீக்கரில் போட்டேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்டார்கள். மாதையன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு நின்றான். அவர்கள் எல்லாம் மலை தெரியாத கீழ்நாட்டுக்காரர்கள், அவர்களுக்கு அது வெறும் பாட்டு. மூன்று மாதமாக மூன்று தடவை, முப்பது தடவை என்று கேட்டுக் கேட்டு, எனக்கும் அது வெறும் பாட்டாகிவிட்டிருந்தது. அங்கேதான் பிசகிவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை பாஞ்சாலி புளி விற்க ஆலங்காயம் வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கேட்டிருக்கிறது. மூட்டையை ரோட்டிலேயே வைத்துவிட்டுக் கடை வாசலில் வந்து நின்றாள். புருஷன் குரலைக் கேட்டு அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டாள். சட்டி நிறைந்த பாட்டு ஒரு தடவை வந்தது, இரண்டாவது தடவை வந்தது, மூன்றாவது தடவை வந்தது. அவர் சிரித்துக்கொண்டு மறுபடியும் பாடுவதும் வந்தது.

"ணா, இது தூக்கற பாட்டு."

"ஆமாம்மா."

"எறக்கசொல்லோ கை நழுவிச்சுன்னு சொன்ன."

நான் டேப்பை நிறுத்தினேன்.

"சட்டி ரொம்பிடுச்சு, இழு இழுன்னு பாடினுகீறாரு. அத்தினி வாட்டி பாடினுகீறாரு. நீ மேல நின்னுகினு இன்னாணா பண்ணினிருந்த?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கேட்டது பாட்டைப்பற்றி, பாட்டு விஷயத்தில் எனக்குப் பொய் வராது.

"கேட்டுகினு இருந்தேம்மா" என்றேன்.

அவள் கத்தவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், அவளுக்குப் படிக்கத் தெரியாது. மூட்டையை அங்கேயே விட்டுவிட்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள். இவ்வளவுதான். இதில் மறைக்க ஒன்றும் இல்லை, கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறேன். தீர்த்தகிரியைக் கொன்றது நான்தான். அவருடைய நல்லதுக்குத்தான் செய்தேன் என்பதையும் அதே வரியில் எழுதிவிட்டால் நன்றாக இருக்கும். டிஸ்கோவிலிருந்து ஒரு நல்ல பாடகரை மீட்டிருக்கிறேன். இனிமேல் அவருக்கு மார்க் இறங்காது, ஏறவும் ஏறாது, நிம்மதி.

மறுபடியும் அதே கேள்வியைத்தான் வேறு மாதிரி கேட்கிறீர்கள். டிஸ்கோ பாடிக் கெட்டுப்போவார் என்றுதான் கையை விட்டாயென்றால், அன்றைக்கு அவர் பாறையில் மட்டமாகப் பாடியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்கிறீர்கள். ஐயா, நீங்கள் படித்தவர், கேட்கலாமா இப்படி? எங்கேயாவது சுருதி கொஞ்சம் விலகியிருந்தால், ஒரே ஒரு இடத்தில் குரல் உடைந்திருந்தால், அடுத்த நொடியே இழுத்து மேலே சேர்த்திருப்பேன். அவர் என் தங்கை புருஷன் இல்லையா?